ஒரு மாட்டு வண்டி = எட்டு கார்

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். நடுவில் ஒன்றிரண்டு பேர் "என்னய்யா கடையை மூடிட்டியா?" என்று கூடக் கேட்டுவிட்டார்கள். மூடவில்லை, சும்மா பலகை மட்டும் சாத்தி வைத்திருந்தேன் :)

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு மடல். அண்ணாமலையில் சிவில் முடித்த ஊர்த் தம்பி ஒருத்தன் எழுதியிருந்தான். "அண்ணே, ஏ.டி.பி, உலக வங்கி ப்ராஜெக்ட், பி.பி.பி, இதுல எல்லாம் கன்சல்டன்ட்டா போனா நல்லா சம்பாதிக்கலாமாமே, சேத்தியாத்தோப்புல இருந்து அங்க போக வழி என்னண்ணே?" என்று. போன்ல சொன்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா இது ரொம்ப நாளா எனக்குள்ள கிடக்குற மேட்டர். அதனால பதிவாவே போட்டுடறேன்.

முதலில் நம்ம ஊர் சாலையையே எடுத்துக்குவோம். விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் சாலை. நமக்கெல்லாம் நாப்பத்தஞ்சு சி, இப்போது என்.எச். 36. இதில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் நாலுவழிச் சாலையை 2025 ஜூலையில் பிரதமர் தூத்துக்குடிக்கு வந்தபோது நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 2,350 கோடிக்கு மேல். கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நாலுவழிப் பாலம், அது போக நாலு பெரிய பாலம், ஏழு மேம்பாலம், மூணு பைபாஸ். முக்கால் மணி நேரம் மிச்சம் என்று அரசுக் குறிப்பு சொல்கிறது. மிச்சம்தான், ஓட்டிப் பார்த்தாச்சு. (விக்கிரவாண்டி பக்கத்துப் பகுதி அப்போதும் முடிந்திருக்கவில்லை. அந்தப் புழுதியைப் பத்தி எழுதினா தனிப்பதிவு ஆகிடும், விடுங்க.)

இந்த 2,350 கோடியைப் போட்டது யார்? அரசாங்கம் என்பார்கள் சிலர், தனியார் என்பார்கள் சிலர். ரெண்டும் சரி. இந்த முறைக்குப் பெயர் 'ஹைப்ரிட் ஆன்யுட்டி', சுருக்கமாக ஹேம். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த முறை. நீங்க வீடு கட்டுறீங்க. மேஸ்திரிகிட்ட, "வேலை நடக்க நடக்க நூத்துக்கு நாப்பது ரூபாய் நான் தர்றேன். பாக்கி அறுபதை நீயே கைக்காசு, பேங்க் கடன் போட்டு கட்டிடு. கட்டி முடிச்சப்புறம் 15 வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தவணையா வட்டியோட தர்றேன். அதுவரைக்கும் வீட்டைப் பராமரிக்கிறதும் உன் பொறுப்பு" என்று சொல்கிறீர்கள். அவ்வளவுதான் ஹேம். சுங்கச்சாவடி வசூல் மேஸ்திரிக்கு இல்லை, நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. ரோட்டில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மேஸ்திரிக்குத் தவணை வந்துவிடும்.

ஏன் இப்படி ஒரு வழி வந்தது? அதற்கு முன்னால் இருந்தது பி.ஓ.டி. தனியாரே கட்டி, தனியாரே டோல் வசூலித்து, கடைசியில் அரசிடம் ஒப்படைப்பது. அதில் வண்டி எத்தனை ஓடும் என்கிற கணிப்புதான் உயிர்நாடி. 2000களின் பிற்பகுதியில் ஆளாளுக்கு அடித்துப்பிடித்து ஏலம் எடுத்தார்கள். கணிப்புப்படி வண்டி வரவில்லை, நிலம் கிடைக்கவில்லை, பேங்க் கடன் மாட்டிக்கொண்டது. 2012க்கு அப்புறம் பல ஏலங்களுக்கு ஆளே வரவில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கு. திருப்பூர் தண்ணீர்த் திட்டம். நம்ம நாட்டில் தனியார் பங்கேற்போடு வந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டம் என்று கன்சல்டன்ட் உலகமே கொண்டாடியது. பவானியிலிருந்து தினமும் 18.5 கோடி லிட்டர், சுமார் 1,023 கோடி ரூபாய் செலவு, 30 வருஷ ஒப்பந்தம். சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும், அதில் ஊர் மக்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது கணக்கு. 2006 வாக்கில் தண்ணீரும் வந்தது. 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. காசு கொடுக்க வேண்டிய வாடிக்கையாளரே ஒரே நாளில் காணோம்! மறுபடி திறந்த பட்டறைகளும் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்தன. நொய்யல் சாகிறது என்று திருப்பூரில் டீக்கடையில் நின்றாலே தெரிந்திருக்கும். அது எக்செல் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

இங்கேதான் தம்பியோட கேள்விக்கு வர்றேன். ஒரு ரோட்டுக்குள் எத்தனை கன்சல்டன்ட் இருக்கிறார்கள் தெரியுமா? விரிவான திட்ட அறிக்கை (டி.பி.ஆர்) போடுபவர் ஒருத்தர். ஏலத்துக்கான நிதிக்கணக்கும் ஒப்பந்தமும் பார்க்கும் ட்ரான்சாக்ஷன் அட்வைசர் ஒருத்தர். வேலை நடக்கும்போது ரெண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கும் இன்டிபென்டென்ட் இன்ஜினியர். கடன் கொடுத்த பேங்க் தன் பங்குக்கு வைக்கும் இன்ஜினியர். பாதுகாப்புத் தணிக்கைக்கு ஒருத்தர். உலக வங்கி, ஏ.டி.பி பணம் என்றால் மறுகுடியமர்வு, சுற்றுச்சூழல், பெண்கள் நலன் என்று இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் தப்பான ஆட்கள் என்று சொல்லவில்லை. என் சோறும் அதில்தான் :) ஆனால் கட்டுபவர் பணம் போடுகிறார், பேங்க் கடன் போடுகிறது, அரசு நிலம் போடுகிறது, விவசாயி அந்த நிலத்தை இழக்கிறார். கணிப்பு எழுதிய கன்சல்டன்ட் மட்டும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு அடுத்த ப்ராஜெக்ட்டுக்குப் போய்விடுகிறார்.

சரி, அந்தக் கணிப்பு எங்கேயிருந்து வருகிறது? ரோட்டோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கும் பையனிடமிருந்து. போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்றால் ஏழு நாள், 24 மணி நேரம், ஷிப்ட் போட்டு, ஒவ்வொரு வண்டியாகக் கோடு போட வேண்டும். இப்போது கேமரா வந்துவிட்டது, அதிலும் பார்த்து எண்ணி சரிபார்க்க ஆள் வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த சேர் வழியாகத்தான். தினக்கூலியும் ராத்திரி பரோட்டாவும்.

எண்ணியதை அப்படியே கூட்டக்கூடாது. எல்லா வண்டியையும் காராக மாற்ற வேண்டும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1990 வழிகாட்டிப்படி கார் ஒண்ணு, பைக் அரை, பஸ், லாரி மூணு, ட்ரெய்லர் மாட்டிய ட்ராக்டர் நாலரை. மாட்டு வண்டி எட்டு! ஆமாங்க, ரோட்டை அடைப்பதில் ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம். ஆனால் டோல் கணக்கில் மாட்டு வண்டி பூஜ்யம். ட்ராக்டர் பூஜ்யம். பைக்கும் பூஜ்யம். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில் இவற்றுக்கெல்லாம் கட்டணம் கிடையாது.

இப்போ சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுக்கு வாங்க. எம்.ஆர்.கே கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில் எண்ணினால் கரும்பு ட்ராக்டர் வரிசை கட்டி நிற்கும். ரோடு நிரம்பி வழிகிறது, நாலுவழி வேண்டும் என்று தோன்றும். அரவை இல்லாத மாதத்தில் எண்ணினால் வேறு ஊர் மாதிரி இருக்கும். இதைச் சரிகட்ட பெட்ரோல் பங்க்குகளின் மாதாந்திர விற்பனையை வைத்து ஒரு பெருக்கல் எண் போடுவார்கள். வெளியூர் பங்க் விற்பனைக்கும் நம்ம கரும்பு அரவைக்கும் என்ன சம்பந்தம்? அது ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். இந்த 'ரோடு நிரம்பும், காசு வராது' வித்தியாசத்தைப் பிரித்து எழுதத் தெரிந்தவன் எவனோ அவன்தான் என் கணக்கில் நல்ல கன்சல்டன்ட்.

வண்டியை விடப் பெரிய விஷயம் தண்ணீர். நம்ம மாவட்டத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து ஓடும். வெள்ளாறு, கொள்ளிடம், வீராணத்து உபரி நீர், எல்லாம் அப்படித்தான். இந்த ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. அதாவது குறுக்கே. ரோட்டை நாலடி உயர்த்தினால் அது ரோடு இல்லை, அணை. கீழே வழி விடும் கல்வெர்ட்டுகள்தான் (நம்மூரில் 'கல்வெட்டு' என்றே சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாது) மேற்குப் பக்கத்து நடவைக் காப்பாத்தணும்.

டி.பி.ஆரில் 'உச்ச வெள்ள மட்டம்' என்று ஒரு எண் இருக்கும். பெரிய ஆறு என்றால் அரசுத் துறையின் பதிவு இருக்கும். சின்ன ஓடை, வடிகால் வாய்க்காலுக்கெல்லாம்? ஊரில் வயசானவங்களைக் கேட்டு எழுதுவதுதான். 2009 வாக்கில், இந்த ரோடு இல்லை, பக்கத்து மாவட்டத்து ரோடு ஒன்றில் அந்த வேலை என்னிடம் வந்தது. ஒரு பெரியவர் மாட்டுக்கொட்டகைச் சுவரைக் காட்டினார். "தம்பி, 2005ல தண்ணி இந்த ஆணி வரைக்கும் நின்னுது. நானே அடிச்சு வச்சேன். பாரு, துருவே ஏறிப்போச்சு." நான் டேப் வைத்து அளந்து எழுதினேன். நிஜமாகவே ஆணி புடுங்கின வேலை அது ஒன்றுதான் என்று வையுங்கள். அந்த ஆணியின்படி அந்த இடத்தில் மூன்று கல்வெர்ட் கூடுதலாக வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: "உள்ளூர் விசாரணை மட்டும்தானே, ஆதாரம் இல்லை, பின்னிணைப்பில் போடு." செலவு கூடினால் திட்டத்தின் லாப விகிதம் குறைகிறது, அதுதான் விஷயம். நானும் என் சீனியர் அண்ணனும் மூணு வாரம் மடல் மேல் மடல் போட்டோம். ஆணியைப் போட்டோ எடுத்து, பக்கத்துப் பள்ளிக்கூடச் சுவரில் இருந்த தண்ணீர்க் கறையையும் அளந்து, ரெண்டும் ஒரே மட்டம் என்று லெவல் எடுத்துக் காட்டினோம். கடைசியில் மூன்றில் இரண்டு தேறியது. மூன்றாவது தேறவில்லை. 2015ல் கடலூர் வெள்ளம் பற்றி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் வீட்டுக்கு போன் அடித்தேன். அவர் இல்லை, மகன்தான் எடுத்தார். "ரெண்டு கண்ணுலயும் தண்ணி போகுதுங்க. வடக்கால கொல்லைதான் ஒரு வாரமா நிக்குது" என்றார். வடக்கால கொல்லைதான் அந்த மூன்றாவது. ஏலம் முடிந்து ஒப்பந்தம் போட்டபின் ஒரு கல்வெர்ட் சேர்ப்பது என்றால் அதற்கு 'சேஞ்ச் ஆஃப் ஸ்கோப்' என்று பெயர். கோப்பு நகரும். நெல்லு காத்துக்கிட்டிருக்குமா?

ஆகவே தம்பி, வழி கேட்டாயே. ஏ.டி.பி-யின் கன்சல்டன்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் தனிநபராகப் பதிவு செய்யலாம், காசு கேட்கமாட்டார்கள். கேட்டால் அது ஏ.டி.பி இல்லை, ஓடிடு. சென்னை - கன்னியாகுமரி தொழில்தடத்துக்கு 2021ல் 484 மில்லியன் டாலர் கடன் கையெழுத்தானது, 590 கிலோமீட்டர் மாநிலச் சாலைக்கு. அந்த மாதிரி வேலைகளில் கன்சல்டன்ட்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தரம் 80, விலை 20 என்கிற மாதிரி மதிப்பெண்ணில். தரம் என்றால் என்ன? பெரும்பகுதி சிவி-தான். ஏலத்தில் பெரிய தலைகளின் சிவி-யைக் காட்டி, வேலை கிடைத்ததும் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று வேறொருத்தரை அனுப்புவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. உன் சிவி-யை யாராவது கேட்டால் எந்த வேலைக்கு, எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்காமல் கொடுக்காதே.

சம்பாத்தியமா? ஆரம்பத்தில் கிடையாது. பத்து வருஷம் ஆகும். ஆனால் மறுகுடியமர்வு சர்வே, வெள்ள மட்டம், கணக்கெடுப்பு இதெல்லாம் தமிழ் தெரிந்து, வரப்பில் இறங்கத் தெரிந்தவனுக்கு இருக்கும் வேலை. மணிலாவிலிருந்து வருகிறவரால் முடியாது. அவர் ஒரு நாளைக்கு வாங்குவது உன் மாதச் சம்பளமாக இருக்கும், வயிறு எரியும், பழகிவிடும்.

ஊரிலேயே இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம். நம்ம நாலுவழிச் சாலையில் பராமரிப்பு கிட்டத்தட்ட 2040 வரை கட்டியவர் பொறுப்பு. அதை மேற்பார்க்க இன்டிபென்டென்ட் இன்ஜினியர் இருக்கிறார், சாலையைப் பார்வையிட்டு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அறிக்கையைக் கேட்கலாம். ஐப்பசி பிறக்கும் முன்னால் உங்க வயல் பக்கத்துக் கல்வெர்ட்டில் மண்ணும் வேலிக்காத்தானும் அடைத்திருந்தால், எந்தக் கிலோமீட்டர் கல், எந்தப் பக்கம், என்ன தேதி என்று போட்டோவோடு ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சும்மா "தண்ணி நிக்குது" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். கிலோமீட்டர் எண் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.