அறுபதுக்குள் ஆறு சிலிண்டர்

1985இல் பிஎம்டபிள்யூ தன் முதல் எம்5 காரைக் காட்டியபோது அதில் நின்று வேடிக்கை பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. சாதாரண ஃபைவ் சீரிஸ் செடானின் அதே சதுர உடம்பு, நான்கு கதவு, ஒரு டிக்கி. உள்ளே மட்டும் எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினிலிருந்து வளர்த்தெடுத்த ஆறு சிலிண்டர், 286 குதிரைசக்தி. பார்க்கச் சாது, மிதித்தால் வேறு ஆள். ஸ்போர்ட்ஸ் செடான் என்ற வகையின் மொத்தக் கவர்ச்சியும் இதுதான். 1990இல் வந்த லோட்டஸ் கார்ல்டன் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டியது. நெடுஞ்சாலையிலேயே 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர்தான் வரம்பு என்றிருந்த பிரிட்டனில், அதைத் தடை செய்யச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதின. குடும்பக் காருக்கு எதற்கு இவ்வளவு வேகம்?

என்னிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். என்னுடையது எம்340ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2021இலிருந்து செங்கல்பட்டு பக்கத்து ஆலையில் கோர்க்கப்படும் கார் என்பதால் ஒரு வகையில் ஊர்க்காரன். 387 குதிரைசக்தி, நூறைத் தொட 4.4 விநாடி. தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போய் வருகிறது. சென்னைக்குள் காருக்கு வரம்பு 60. குடியிருப்புத் தெருக்களில் 30. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் அந்த 30கூடப் பேராசை. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் ஓரங்கட்டுவேன். முன்னால் ஒரு கால் டாக்ஸி, பின்னால் ஒரு பழைய ஆல்டோ. தண்ணீருக்குக் குதிரைசக்தி தெரியாது.

ஆனாலும் சந்தோஷம் இல்லாமலில்லை. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு பிஸ்டன்கள் ஒன்றின் உதறலை மற்றொன்று சமன் செய்துவிடும். நான்கு சிலிண்டரில் அந்த உதறலை அடக்கத் தனித் தண்டு வைக்க வேண்டியிருக்கும்; இதில் அமைப்பே அப்படி. சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் அந்த வழுவழுப்பு கையில் தெரியும். முப்பதில் போகும்போதும் கிடைக்கிற சுகம் இது.

ஆபீசில் சிலர் எனக்காகவே ஒரு வாதத்தை எடுத்துக் கொடுப்பார்கள். எந்த சர்வரையும் முழு லோடில் ஓட்டுவதில்லையே, அவசரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தானே வைக்கிறோம், அது மாதிரிதான் இதுவும் என்று. ஓரளவு சரி. இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் பாதியாகிறது, அது பாதுகாப்புத்தான். ஆனால் சர்வரில் மிச்சமிருக்கும் திறன் பக்கத்து சர்வரை மோதாது. சாலையில் அந்த மிச்சத்துக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் என் அப்பா. எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில். வீடு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். தினமும் இரண்டு தடவை, மீடியனில் இருக்கும் இடைவெளி வழியாக டிவிஎஸ் 50இல் கடக்கிறார். ஒரு பக்கத்துச் சாலையின் அகலம் சுமார் ஏழு மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அதைத் தாண்ட அவருக்கு மூன்று விநாடி ஆகும். அதற்குள் எண்பதில் வரும் கார் 67 மீட்டர் வந்திருக்கும். 140இல் வருவது 117 மீட்டர் வந்திருக்கும். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. எண்பதுக்கு ஆவதைப்போல 140க்கு மூன்று மடங்கு.

அப்பாவின் கண்ணில் ஸ்பீடாமீட்டர் கிடையாது. உருவத்தை வைத்துத்தான் கணக்கு. பஸ் என்றால் இவ்வளவு, லாரி என்றால் இவ்வளவு, கார் என்றால் இவ்வளவு. முப்பது வருடத்தில் பழகிய கணக்கு. நூறு மீட்டரில் ஒரு கார் தெரிந்தால் போய்விடலாம் என்று முடிவெடுப்பார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் செடான் அந்தக் கணக்கில்தான் கை வைக்கிறது. சாது உருவம், உள்ளே வேறு ஆள் என்று நாங்கள் ரசித்துச் சொல்லும் விஷயம், ரோட்டைக் கடக்க நிற்பவருக்குச் சொல்லப்பட்ட பொய்த்தகவல். மஞ்சள் லம்போர்கினி உறுமிக்கொண்டு வந்தால் அப்பா நின்றுவிடுவார். சாம்பல் நிறச் செடானுக்கு நிற்க மாட்டார்.

முதல்முறை ஊருக்குக் கொண்டுபோனபோது அவரை விழுப்புரம் வரை கூட்டிப்போனேன்.

"எவ்ளோ போகும்?"

"இருநூத்தம்பதுல கம்பெனிக்காரனே கட்டுப்படுத்தி வெச்சிருக்கான்பா."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "நம்ம ரோட்டுலயா?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தச் சாலையில் நான் தொண்ணூறைத் தாண்டுவதில்லை. மீடியன் இடைவெளி தெரிந்தால், யாரும் நிற்காவிட்டாலும், அதற்கும் கீழே இறக்குவேன். இந்தக் காரில் நான் அதிகம் மதிக்கும் பாகம் பிரேக். சுங்கச்சாவடி தாண்டியதும் பின்னால் ஒரு இன்னோவா வந்து ஹெட்லைட் அடிக்கும். வழிவிடுவேன். எம்340ஐயை முந்திப் போன கதையை அந்த டிரைவர் நாலு பேரிடம் சொல்வார். சொல்லட்டும்.