‘தமழநட’: ஒரு திறமூலப் பட்டறையில்

2003-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறு நகரம். அங்குள்ள ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ பத்திரிகையின் இணையப் பிரிவில் ஆட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு நிரலர்கள் வேலை பார்த்தார்கள். செய்தியாசிரியர்கள் இன்று கேட்டதை நாளைக்குள் தளத்தில் ஏற்றியாக வேண்டும். உள்ளூர்க் கச்சேரிப் பட்டியல், சிறுவர் விளையாட்டுப் போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளம், படிவம், பக்கம் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத நேரம் கிடையாது. எனவே திரும்பத் திரும்ப வருகிற வேலைகளைப் பிரித்தெடுத்து, பைத்தான் மொழியில் பொதுவான ஓர் அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு ஜேக்கப் கப்லான்-மாஸ் வந்து சேர்ந்தார். 2005 ஜூலையில், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் பிஎஸ்டி உரிமத்தோடு அது வெளியானது. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக ‘ஜாங்கோ’ என்று பெயர்.

அந்தச் செய்தி அறையின் அவசரம் இன்றும் ஜாங்கோவின் உடம்பில் இருக்கிறது. ‘செய்தி’ என்றால் அதில் தலைப்பு, தேதி, எழுதியவர் என என்னென்ன உண்டு என்று நிரலர் சில வரிகளில் சொல்லிவிட்டால் போதும். அதைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் ஒரு நிர்வாகப் பக்கத்தை அதுவே கட்டித் தந்துவிடும். நிரல் தெரியாத நிருபர் மறுநாளே உட்கார்ந்து தகவல் ஏற்றலாம். உலகம் முழுக்க எத்தனையோ அலுவலகங்களில் ஊழியர்கள் பெயர்கூடத் தெரியாமல் இந்தப் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள். இன்ஸ்டாகிராமும் ஜாங்கோவின் மேல் எழுப்பப்பட்டதுதான்.

இது எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல. 2008-இல் தொடங்கிய ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை பெயரையும் பணத்தையும் பார்த்துக்கொள்கிறது. ஜாங்கோவை உருவாக்கியவர்களில் ஹோலோவாட்டியும் கப்லான்-மாஸும் 2014 ஜனவரியில் தங்கள் கடைசித் தீர்ப்பு அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார்கள். 2020-இல் மையக் குழு என்ற அமைப்பே கலைக்கப்பட்டது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது ஒரு சுவராகிவிட்டது என்று அந்தக் குழுவே கருதியது. அதிகாரத்தை இப்படிக் கையிலிருந்து இறக்கி வைத்தது, அவர்கள் எழுதிய நிரலைவிடப் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் வேலையை யார் செய்வது? ஒரு சனிக்கிழமை, சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டின் மாடி அறைக்குப் போனேன். வாரநாட்களில் தனியார் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் ஜாங்கோ என்று வாழும் ஒரு பெண் அங்கே இருந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள வரும் இரண்டு மூன்று இளைஞர்கள், நடுவில் ஒரு நீட்டிப்புப் பெட்டி, அதில் முட்டி மோதும் சார்ஜர்கள்.

“அக்கா, தலைப்பு தமிழ்ல குடுத்தா முகவரி கன்னாபின்னான்னு வருது, பாருங்க” என்றான் ஒருவன்.

ஜாங்கோவில் ‘ஸ்லக்கிஃபை’ என்று ஒரு சிறு செயற்கூறு உண்டு. செய்தித் தலைப்பைக் கொடுத்தால் இணைய முகவரியில் வைக்கத் தோதான சொல்லாக மாற்றித் தரும். அந்தச் சொல்லுக்குப் பெயர் ‘ஸ்லக்’. இயல்பு நிலையில் ஆங்கில எழுத்து, எண், கோடு தவிர மற்றதையெல்லாம் கழித்துவிடும். தமிழ்த் தலைப்பு என்றால் எதுவும் மிஞ்சாது. 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில், ஆங்கிலம் அல்லாத யூனிகோடு எழுத்துகளையும் அனுமதிக்க ஒரு தெரிவு சேர்த்தார்கள். அந்தத் தெரிவோடு அவன் ‘தமிழ்நாடு’ என்று கொடுத்தான். திரையில் வந்தது: ‘தமழநட’.

அக்கா சிரிக்கவில்லை. ‘மதுரை’ என்று அடித்தார், ‘மதர’ வந்தது. ‘மாதர்’ என்று அடித்தார், அதற்கும் ‘மதர’. ‘கோவை’யும் ‘கவி’யும் ஒன்றுபோல் ‘கவ’ ஆயின. இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒரே முகவரிக்கு வந்து நிற்கும் என்று பொருள்.

குற்றம் எங்கே என்று தேடிக்கொண்டு போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்தச் செயற்கூறு பத்து இருபது வரிதான். எழுத்து, எண், இடைவெளி, கோடு தவிர மற்றதை நீக்கு என்று ஒரு வரி சொல்கிறது. எது எழுத்து என்று தீர்மானிப்பது பைத்தான். யூனிகோடு அட்டவணையில் ‘த’வும் ‘ம’வும் எழுத்து வகையில் இருக்கின்றன, கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் ‘குறி’ என்ற தனி வகையில். பைத்தானின் சோதனை குறிகளை எழுத்தாக எண்ணுவதில்லை. ஆகவே உயிர்மெய்யின் உயிரெல்லாம் உதிர்ந்துபோகிறது. இந்தி, மலையாளம், வங்காளம் எழுதுபவர்களுக்கும் இதே கதிதான்.

“அந்த ஒரு வரியை மாத்திட்டா முடிஞ்சுதேக்கா?”

முடியாது. ஸ்லக் சரியா என்று பார்க்கும் சரிபார்ப்பியும் அதே சோதனையைத்தான் வைத்திருக்கிறது. ‘தமிழ்நாடு’ என்று சரியாகக் கொடுத்தாலும் ஏற்காது. முகவரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் ஸ்லக் என்றாலே ஆங்கில எழுத்து, எண், கோடுகள் மட்டும். பதிவேற்றும் கோப்பின் பெயரைச் சுத்தம் செய்யும் இடத்திலும் இதே விதி: ‘மதுரை’ என்ற பெயரில் ஏற்றிய கோப்பு ‘மதர’ என்று சேமிக்கப்படும். ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் ஒன்று தருவதை மற்றொன்று மறுக்கும்.

அதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. எங்கோ ஒரு தளம் தலைப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் ஸ்லக்கைக் கணக்கிட்டுப் பழைய கோப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம். நாளை செயற்கூறு சரியான விடையைத் தந்தால் அந்தத் தளம் உடைந்துவிடும். தவறான விடையை நம்பிக் கட்டியவர்களும் நம்பிக் கட்டியவர்கள்தானே! ஜாங்கோ போன்ற அடித்தள மென்பொருளை, அதாவது ‘ஃபிரேம்வொர்க்’கை, எழுதும் தொழிலின் பாரமே இதுதான். உங்கள் நிரலை நீங்கள் பார்த்தேயிராத ஆட்கள் தங்கள் வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போட்டிருக்கிறார்கள். இதனால்தான் ஜாங்கோவில் சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று கணக்கு. இருக்கும் ஒரு வசதியை எடுக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு பதிப்புகள் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

அக்கா முதலில் எழுதியது திருத்தத்தை அல்ல, சோதனையை. ‘தமிழ்நாடு’ கொடுத்தால் ‘தமிழ்நாடு’ வர வேண்டும் என்று ஒரு வரி. ஓட்டினார். தேறிய சோதனைக்கு ஒரு புள்ளி வீதம் திரையில் புள்ளிகள் ஓடின. நடுவே தோற்றதற்கு ஓர் ‘எஃப்’. அது தோற்க வேண்டும், தோற்றால்தான் குறை நிரூபணமாகும் என்று பையன்களுக்கு விளக்கினார்.

இப்படிப்பட்ட உழைப்புக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. தரவுத்தள அமைப்பு மாறும்போது இருக்கும் தகவலைச் சேதமில்லாமல் நகர்த்தும் வசதியை ஜாங்கோவுக்குள் கொண்டுவர, ஆண்ட்ரூ காட்வின் 2013-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். கேட்டது 2,500 பவுண்டு. வந்தது அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல். 2014-இல் வெளியான 1.7 பதிப்பில் அந்த வசதி வந்தது. அதே ஆண்டு அறக்கட்டளை, குறைகளைப் பதியும் டிக்கெட்டுகளைப் பிரிக்கவும் மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களான பேட்ச்களைப் பரிசீலிக்கவும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடவும் சம்பளத்துக்கு ஆள் வைக்கத் தொடங்கியது. முதலில் வந்தவர் டிம் கிரகாம். நன்கொடையில்தான் அந்தச் சம்பளம். ஜாங்கோவை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனிகள் நம் ஊரிலும் ஏராளம். தங்கள் ஊழியருக்கு மாதம் ஒரு வேலை நாளை இதற்காக ஒதுக்கிக் கொடுத்தாலே எவ்வளவோ நடக்கும். வேளச்சேரி மாடியில் நடப்பது சம்பளமில்லாத சனிக்கிழமை.

மாலைக்குள் ஒரு தற்காலிக வழி தயாரானது: யூனிகோடு வகையைப் பார்த்துக் குறிகளையும் விட்டுவைக்கும் சிறு செயற்கூறு. அவர்கள் கட்டும் தமிழ்த் தளத்துக்கு இப்போதைக்கு அது போதும். ஜாங்கோவுக்கே கொண்டுபோவதற்கான முன்மொழிவை அக்கா தனியாக எழுத ஆரம்பித்தார். நான்கு இடங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழைய நடத்தை வேண்டுபவர்களுக்கு வழி விட வேண்டும், ஆவணமும் எழுத வேண்டும் என்று பட்டியல் நீண்டது. இந்திக்கும் மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் சோதனை எழுத, அந்த மொழிகள் தெரிந்த நண்பர்களைப் பிடிக்கும் வேலை இளைஞர்களிடம் போனது.