தெகிவளைக் கரை

மட்டக்குளி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. நீங்கள் அனுப்பிய தைலத்தால் இல்லை, நல்லெண்ணெயால்தான் என்று எழுதச் சொன்னா.

நேற்று 155 பஸ்ஸில் போய் நகர மண்டபத்தடியில் இறங்கி, பார்ன்ஸ் பிளேஸ் வரை நடந்தேன். ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வீடு அங்கே ஒழுங்கைக்குள் இருக்கிறது, தாழ்ந்த ஓட்டுக் கூரையோடு. 1974இல் சபுமல் பவுண்டேசன் என்று ஒன்றை ஏற்படுத்தி, தன்னுடைய படங்களையும் சிநேகிதர்களின் படங்களையும் ஊருக்கு விட்டிருக்கிறார். மியூசியம் என்று நினைத்துப் போனால், யாரோ சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் நிற்பது போல இருந்தது. சுவர் தெரியாமல் படங்கள்.

1943இல் லயனல் வெண்ட் கூட்டிய ‘43 குழு’வின் ஆட்கள்தான் பெரும்பாலும். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுஸ்ரீ என்று வாசித்துக்கொண்டு போகும்போதே நம்மவர் பெயர் ஒன்றைக் கண் தேடியது. நம்முடைய வியாதி தெரியும்தானே! யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக் கழகம் நடத்திய எஸ்.ஆர். கனகசபையும் தொடக்கத்தில் அந்தக் குழுவில் இருந்தவர் என்பது ஞாபகம் வந்த பிறகுதான் நிம்மதியாகப் படம் பார்த்தேன்.

ஐவன் பீரிஸின் படங்களுக்கு முன்னால்தான் கால் நின்றுவிட்டது. ‘ரேகாவ’ சினிமா எடுத்த லெஸ்டரின் தம்பி, ஹரி பீரிஸிடம் படித்தவர், பிறந்தது தெகிவளையில். 1953இல் இங்கிலாந்துக்குப் போனவர், 1988இல் அங்கேயே கண்மூடினார். குருவும் அதே வருஷம் போய்விட்டார். அவ்வளவு காலமும் திரும்பத் திரும்ப வரைந்தது கடற்கரை. ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். விடியலா, பொழுதுபட்ட நேரமா என்றே சொல்ல முடியாது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. தெகிவளைக் கரையில் இவ்வளவு அமைதி எங்கே? ரயில் எங்கே, கடலைக்காரன் எங்கே, பந்தடிக்கிற பெடியன்கள் எங்கே? பிறகு உங்களை நினைத்தேன். போன கிழமை போனில் நம் மட்டக்குளிக் கரையை நினைத்து, “காக்கைத்தீவில் இப்ப நல்ல காத்து வீசும், என்ன?” என்று கேட்டீர்கள். காற்று வீசுகிறது அக்கா, கருவாட்டு மணத்தோடும் குப்பை நாற்றத்தோடும். உங்களுக்குக் காற்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த மனுஷனுக்குச் சத்தமெல்லாம் போய் நிறம் மிஞ்சியிருக்கிறது போல.

அவர் குடியிருந்த ஊர் சவுத்எண்ட். உங்கள் ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயிலில் போய்விடலாம் என்று அத்தான் சொன்னார். இங்கே களனி கங்கை கடலில் விழுகிற மாதிரி அங்கே தேம்ஸ் விழுகிறதாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தண்ணீரும் நம்முடையது போலத் தேத்தண்ணி நிறம்தானா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் பழைய பெயின்ட் பெட்டி அலுமாரியில்தான் இருக்கிறது. மஞ்சள் காய்ந்து வெடித்துவிட்டது. காவி இன்னும் கரைகிறது.

அன்புடன்,
தம்பி