குட்டி வீடு மாறிய கதை

நாய் ஆளைப் பார்க்கும், பூனை வீட்டைப் பார்க்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். வீடு மாறிப் போகிறவர்கள் நாயை வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பூனை பழைய வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடும். இலக்கியத்திலும் அதற்குப் பெரிய நல்ல பெயர் இல்லை. ஒக்கூர் மாசாத்தியாரின் ஒரு குறுந்தொகைப் பாடலில், மாலையில் வேலியோரம் வரும் வெருகுகளைக் கண்டு பேடைக்கோழி நடுங்குகிறது. ஆனால் அதே மாசாத்தியார் இன்னொரு பாடலில் முல்லை அரும்பைப் பார்த்து, வெருகு சிரித்தாற்போல் இருக்கிறது என்கிறார். பல்லில் பூவைக் காண்பதற்குப் பூனையை வெகு அருகில் பார்த்திருக்க வேண்டும்.

திண்டிவனம் வீட்டில் அம்மாவோடு இருந்த பூனைக்குக் குட்டி என்று பெயர். வெருகின் இளமைக்குத்தான் அந்தப் பெயர் உரியது என்கிறது தொல்காப்பிய மரபியல். குட்டிக்கு ஆறு வயதான பிறகும் அம்மா பெயரை மாற்றவில்லை. பிற்பகலில் அவள் பூக்கட்ட உட்கார்ந்தால், அது தூங்குவதுபோல் பக்கத்தில் கிடக்கும். வாழைநாரின் நுனி அசைந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொண்டு ஓடும். "விடு கழுத!" என்று திட்டிக்கொண்டே இன்னொரு நாரைக் கிழித்து அதன் முன் ஆட்டுவாள். 2021-இல் அப்பா போன பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் இவர்கள் இருவருக்கும் இடையில்தான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. நான் விழுப்புரத்தில் இருந்தேன். டிசம்பர் 2 காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லாத தூரம் அன்றைக்கு வெகு தொலைவாக இருந்தது. தொலைபேசி ஒருவழியாகக் கிடைத்தபோது அம்மா சொன்னாள்: "வாசப்படி வரைக்கும் தண்ணிடா. நாங்க ரெண்டு பேரும் கட்டில்மேல இருக்கோம்."

பொங்கல் முடிந்ததும் என்னோடு வந்துவிடும்படி அழைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "குட்டி வருமா?" சாக்குப்பையில் கட்டிக் கொண்டுபோங்கள், வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்றார்கள் பக்கத்து வீட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. மூடியுள்ள கூடையில் தன் பழைய புடவையை விரித்து, அதில் வைத்து மடியில் வாங்கிக்கொண்டாள். விக்கிரவாண்டி வரை கத்திக்கொண்டே வந்தது குட்டி. பிறகு சத்தமில்லை. அம்மா வழி நெடுகப் பேசவேயில்லை.

விழுப்புரம் ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரியும் சந்திப்பு. இரவெல்லாம் ரயில் கூவும். குட்டி மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. தட்டில் வைத்த மீன் அப்படியே இருந்தது. கட்டிலுக்கு மேலே அம்மாவும் பசியில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு பேரையும் வேரோடு பிடுங்கி வந்துவிட்டோமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

நான்காம் நாள் காலை குட்டி வெளியே வந்தது. கட்டில் கால், கதவு நிலை, அரிசி டிரம் என்று ஒவ்வொன்றிலும் கன்னத்தை வைத்து நிதானமாக உரசியது. பூனையின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உண்டு. உரசிய இடத்தில் தன் மணத்தைப் பூசி, அந்த இடத்தைத் தனக்குப் பழக்கமானதாக ஆக்கிக்கொள்ளும். கடைசியில் அது அம்மாவின் கணுக்காலுக்கு வந்தது. அவள் குனிந்து அதன் நெற்றியைத் தடவினாள். சற்று நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்: "இந்த ஊர்ல உதிரிப்பூ எங்கடா விப்பாங்க?"

விழுப்புரத்து மல்லிக்கு மணம் போதாது என்று இன்றும் குறை சொல்கிறாள். ஆனால் கட்ட உட்காரும்போது ஒரு நாரை மட்டும் நனைக்காமல் தனியே எடுத்து வைத்துவிடுகிறாள்.