குண்டு கிராமங்களும் அறுகோணக் கட்டங்களும்

பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எட்டும் தொலைவு வரை நிலம் நமது. இப்படி ஒரு விதியோடு யாராவது ஓர் ஆட்டத்தை உருவாக்கியிருந்தால் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியிருப்போம். கடலூரில் இது உண்மையாகவே நடந்தது. 1690இல் எலிஹு யேல் சென்னையின் ஆளுநராக இருந்தபோது, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றிய நிலத்தின் எல்லையைப் பீரங்கிக் குண்டு தீர்மானித்தது. எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. அந்த ஊர்களில் அன்று உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை நினைக்கவைத்தது ஒரு வரைபடம். சிதம்பரத்தில் நாங்கள் சிலர், ஆசிரியர்களும் மாணவர்களுமாக, ஞாயிறு மாலைகளில் கூடி ஓர் உலகத்தை வரைந்துகொண்டிருக்கிறோம். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. தாளெங்கும் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். பயணக் குழுவொன்று கட்டம் கட்டமாக நகரும்; அங்கே என்ன இருக்கிறதென்பதைப் பகடையும் ஆட்டத்தை நடத்துபவரும் சொல்வார்கள். சதுரத்தில் மூலைவழி நடந்தால் தொலைவு கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தொலைவு. அதனால்தான் 1961இல் வெளிவந்த கெட்டிஸ்பர்க் போர் விளையாட்டு இந்தக் கட்டத்துக்கு மாறியது. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது, காட்டுப் பயணங்களுக்கு 1972இன் அவுட்டோர் சர்வைவல் என்ற விளையாட்டின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஒரு கட்டத்துக்கு ஆறு மைல் என்பது இன்று பலர் கொள்ளும் கணக்கு. அப்படிப் பார்த்தால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஐந்து கட்டங்கள்தாம்.

அந்த விளையாட்டுகளில் காடு, மலை, சதுப்பு என்பவை பெரும்பாலும் நடையின் வேகத்தைக் குறைக்கும் தடைகள்; அவ்வளவே. தமிழ் படித்தவர்களுக்கு அது போதுமா? எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு நிலத்துக்கும் பொழுது உண்டு, தெய்வம், பறவை, பறை, தொழில் எல்லாம் உண்டு. முக்கியமாக உரிப்பொருள் உண்டு. வைகறையில் மருதக் கட்டத்துக்குள் நுழையும் குழுவில் இருவர் ஊடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாணவி விதி எழுதினார். இரண்டு வாரம் அதனாலேயே ஆட்டம் நகரவில்லை! பிச்சாவரத்தை ஒத்த கட்டத்தில் தில்லை மரம் நிற்கிறது. பால் கண்ணில் பட்டால் ஒரு நாள் பார்வை போகும் என்பது எங்கள் விதி. (பால் கண்ணுக்கு ஆகாது என்பது ஊரறிந்தது; ஒரு நாள் என்ற கணக்கு மட்டும் பகடைக்காக.)

திணை என்பது கவிதை மரபு, அதை நிலவியலாக்குவது பிழை என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். அகத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. ஆனால் ஆற்றுப்படைகள் இருக்கின்றனவே. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் மலைபடுகடாம் 583 அடிகளில் செய்வது வேறென்ன? பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடம், பாம்பு உறையும் குழி, வழுக்கும் பாறை, தினைப்புனத்தில் யானையை ஓட்டக் கானவர் எறியும் கவண்கல் என்று வழியின் இடர்களை அது சொல்லிக்கொண்டே போகிறது. எங்களுக்கு இதைவிட நல்ல கையேடு கிடைக்கவில்லை. அதில் இன்னொன்றும் உண்டு: நன்னனிடம் போகிறோம் என்று சொன்னால் வழியிலுள்ள சிற்றூர்களில் சோறு கிடைக்கும். அந்த வழி ஆளற்ற வழியன்று.

மேலைநாட்டு அறுகோண வரைபடமோ வெற்றுக் கட்டத்திலிருந்து தொடங்குகிறது. கண்டறியாத நிலம் என்று அதற்குப் பெயர். யார் கண்டறியாதது? குண்டு எட்டிய தொலைவை நிலமென்று கொண்ட கண்ணும் இதே கண்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே வெற்றுக் கட்டம் கூடாது என்று முடிவு செய்தோம். குழு வருவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த விதி எங்களை வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் ஊரை ஒட்டிய கட்டத்தை வரைய முன்வந்தார். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கியதை அவர் மறந்திருக்கவில்லை. அது ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்றது 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம். நெல் நின்றதே என்றார்கள் ஊரார். கால்வாயின் இந்தப் பக்கத்தை மருதம் என்று எழுதுவதா, பாலை என்று எழுதுவதா என்று மாணவர் கேட்டார்.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். மருதம் திரிந்தால் என்னவாகும்? எங்களில் இரண்டு பேர் முதுகலைத் தமிழ் நடத்துகிறவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயில் திரித்த நிலத்துக்கு மழை வந்தால் மீட்சியுண்டு. இயந்திரம் திரித்ததற்கு எந்தப் பருவத்தைக் காத்திருப்பது?

மாணவர் கட்டத்தை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். பொழுது வைகறை, தெய்வம் வேந்தன், பறை நெல்லரிகிணை, தொழில் உழவு. அங்கே வாழ்பவர்: கால்வாய்க் கரையில் ஆடு மேய்க்கும் ஒரு முதியவள், குழுவுக்குக் கூழ் கொடுப்பாள், வயல் எங்கே என்று கேட்டால் மட்டும் வழி மாற்றிச் சொல்லிவிடுவாள். உரிப்பொருளுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. வரும் ஞாயிறு குழு அந்தக் கட்டத்துக்குள் நுழைகிறது.