பக்கவாட்டில் வந்த ஒளிக்கு நன்றி

இந்தியாவின் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் காட்மியம் சிங்க் டெலுரைடு கருவியை உருவாக்கிக் காத்துவரும் அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருத்தி வணக்கத்துடன் எழுதும் மடல் இது. மும்பை, புணே, அகமதாபாத், திருவனந்தபுரம், பெங்களூரு என்று பல ஊர்களில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் தனித்தனியே எழுத வழியில்லை. அதனால் திறந்த மடல்.

எங்கள் ஊரில் இரவில் மேற்கே பார்த்தால் நெய்வேலியின் வெளிச்சம்தான் தெரியும். அனல்மின் நிலையமும் சுரங்கமும் தூங்குவதில்லை. விண்மீன் காட்ட மாணவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் ஏமாந்த இரவுகள் பல. உங்கள் கருவி தேடும் காமாக் கதிருக்கோ எந்த ஊர் வானமும் ஒன்றுதான். வளிமண்டலமே திரைபோட்டுத் தடுத்துவிடும். உங்கள் கருவி அந்தத் திரைக்கு மேலே, 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது.

நெய்வேலிக்கு ஒரு தொடக்கக் கதை உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் கெட்டதென்று துளையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அது பழுப்பு நிலக்கரி. 1956-இல் அதைத் தோண்டும் நிறுவனம் பிறந்தது. உங்கள் துறையின் தொடக்கமும் இப்படித்தான். யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களில் 1967 ஜூலை 2 அன்று ஒரு காமாக் கதிர்த் துடிப்பு பதிவானது. அது குண்டின் சாயலில் இல்லை. லாஸ் அலாமோஸ் ஆய்வகத்தில் ரே கிளேபசாடலும் தோழர்களும் அதைத் தள்ளிவிடாமல் கோப்பில் வைத்தார்கள். அதுபோல இன்னும் பலவற்றைச் சேர்த்து, விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர் வெடிப்புகள் இவை என்று 1973-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

வேண்டியதைத் தேடும்போது வந்த வேண்டாததை வீசாமல் வைத்துக்கொள்ளும் கை உங்களுடையதும். அதற்குத்தான் நன்றி.

2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் கிளம்பியது. அக்டோபர் 6-இல் உங்கள் கருவி கண் திறந்து நண்டு நெபுலாவை நோக்கியது. அன்றைக்கே, நோக்கிய திசைக்கு 60 டிகிரி பக்கவாட்டிலிருந்து ஒரு வெடிப்பு வந்து விழுந்தது. கருவியின் முகப்பில் இருப்பது டாண்டலம் தகடு. திறப்பும் மூடலுமாகக் கட்டம்கட்டமாக இருக்கும் அது நிழல் விழுத்தித் திசை காட்டும். வகுப்பில் இதை விளக்க, அம்மா தறியில் நெய்த கைலியை ஜன்னல் வெயிலில் பிடித்துக் காட்டுவேன். உங்கள் தகட்டின் கட்டங்கள் கைலிக் கட்டம்போல ஒழுங்கானவை அல்ல, கலைந்து கிடப்பவை. அப்படிக் கிடந்தால்தான் ஒவ்வொரு திசைக்கும் வேறுவேறு நிழல் விழும் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறும். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேல் அந்தத் தகடும் பக்கச் சுவர்களும் கதிரை நிறுத்த முடியாமல் போகின்றன. அதைக் குறையென்று நீங்கள் ஒதுக்கவில்லை. சுவரைத் துளைத்து வருவதையும் எண்ணி, கருவியை முழு வானத்துக்கும் காவலாக்கினீர்கள். 2023 நவம்பருக்குள் 600 வெடிப்புகள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஃபோட்டான் ஒரு படப்புள்ளியில் மோதி, சிதறி, அடுத்த புள்ளியில் விழுந்தால் படம் எடுப்பவருக்கு அது இடைஞ்சல். நீங்கள் அந்த இரட்டைப் பதிவுகளைத்தான் பொறுக்கிச் சேர்த்தீர்கள். எந்தப் பக்கம் அதிகம் சிதறுகிறது என்று எண்ணினால், கதிரின் மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்று தெரியும். நாங்கள் பாடத்தில் தளவிளைவு என்று நடத்துவது இதுதான். கொடிக்கயிற்றை மேலும் கீழுமாக உலுக்கினால் ஒரு தளம், பக்கவாட்டில் உலுக்கினால் இன்னொரு தளம்.

தளவிளைவை அளப்பது ஏன் முக்கியம்? வெடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சூரியனைவிடப் பல மடங்கு நிறைகொண்ட விண்மீனின் கரு சரிந்து கருந்துளையாகும்போது நீண்ட வெடிப்பு; இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது பெரும்பாலும் இரண்டு விநாடிக்குள் முடியும் குறுகிய வெடிப்பு. சூரியன் தன் ஆயுள் முழுக்கத் தரும் ஆற்றலுக்கு ஈடானது சில விநாடிகளில் வெளிவரும். வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில்கூட ஏறி இறங்குவதால் அது புறப்படும் இடம் சில நூறு கிலோமீட்டர்தான் இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு காமாக் கதிர் அடைந்தால் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான், பாசிட்ரானாக மாறி உள்ளேயே மூச்சுமுட்டிப் போகும். ஆனால் நம்மை வந்தடைகிறதே! ஒளியின் வேகத்தில் 99.99 விழுக்காட்டையும் தாண்டி நம்மை நோக்கிப் பாயும் தாரையிலிருந்து வந்தால்தான் அது முடியும். அந்தத் தாரையை எது ஒளிரவைக்கிறது, உள்ளே காந்தப்புலம் சீராக இருக்கிறதா சிக்கலாகவா என்பதுதான் இன்னும் அவிழாத முடிச்சு. அதை அவிழ்க்கத் தளவிளைவு துப்புக் கொடுக்கும். 2016 ஆகஸ்ட் 21 வெடிப்பில் தளவிளைவின் கோணம் ஏறத்தாழ 80 டிகிரி திரும்பி, மறுபடியும் அதே அளவு திரும்பியதை நீங்கள் கண்டீர்கள். அந்தத் திருப்பத்தைக் காட்டும் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

2017 ஆகஸ்ட் 17-இல் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 விநாடியில் காமாக் கதிரும் வந்தது. உங்கள் கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை. நடுவில் பூமி நின்றது. பதிவாகவில்லை என்பதையே தகவலாகச் சொல்லி, தேட வேண்டிய வானப் பரப்பைக் குறுக்கிக் கொடுத்தீர்கள். ஒன்றும் கிடைக்காத ஆய்வை வெட்கப்பட்டுக் கிழித்துப்போடும் என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த நாளைத்தான்.

அம்மா பாவு முடிந்ததும் பழைய இழையின் நுனியை அறுத்து எறிய மாட்டார். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு பிணைத்து மறுபடி ஓட்டுவார். அவர் கடைசியாக நெய்த கைலியில் ஒரு முழம் என்னிடம் இருக்கிறது, ஜன்னலில் பிடித்துக் காட்டிய அதே துணி. உங்கள் ஆய்வகத்தின் முகவரி கிடைத்தால் அனுப்பிவைக்கிறேன். வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
குறிஞ்சிப்பாடி ஆசிரியை