ஐந்து நிலங்களில் ஒரு நாள்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்நிலங்களை வகுப்பறையில் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஓர் இடத்தைக் காணும் பேறு சென்ற கோடை விடுமுறையில்தான் எங்கள் குடும்பத்தாருக்குக் கிட்டியது. இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரில் செவிலியராகப் பணியாற்றும் எங்கள் அத்தை, காரும் வழிகாட்டியும் அமர்த்தி, எங்களை ஒரு நாள் ‘சிங்க்வே தெர்ரே’ காண அழைத்துச் சென்றார். இப்பெயருக்கு ‘ஐந்து நிலங்கள்’ என்பது பொருள்.

மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்பவையே அந்த ஐந்து கடற்கரைச் சிற்றூர்கள். முதல் ஊரிலேயே காரை நிறுத்திவிட்டு இரயிலில் ஏறினோம். மலையைக் குடைந்த பாதையில் இருள், வெளியே வந்தால் நீலக்கடல், மீண்டும் இருள்! பாறை விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். அப்பப்பா, கண்கொள்ளாக் காட்சி! கொர்னீலியா மட்டும் குன்றின் உச்சியில் இருக்கிறது. நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். பாதியிலேயே அம்மா அமர்ந்துவிட்டார்!

மனரோலாவுக்கு மேலே ஏறியபோதுதான் இவ்வூர்களின் உண்மையான அதிசயம் புலப்பட்டது. செங்குத்தான மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொரு படியையும் ஒரு கல் சுவர் தாங்குகிறது. சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் கையால் அடுக்கியவை இவை. 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எங்கள் வழிகாட்டி அவ்வூர்ப் பெண். அவருடைய பாட்டி அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளைத் தலையில் சுமந்து இறங்குவாராம். இன்று ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் சிறு வண்டிகள் அந்தச் சுமையைக் குறைக்கின்றன. பறித்த திராட்சையை நிழலில் வாரக்கணக்கில் உலர்த்திப் பிழிந்து ‘ஷாக்கெத்ரா’ என்னும் இனிய திராட்சை இரசம் செய்கிறார்கள். இரசம் என்றதும் நம் அருட்சகோதரிகள் கவலைப்பட வேண்டாம்! அப்பாவும் அத்தையும் மட்டுமே ஒரு மிடறு சுவைத்தனர். சிறுவர்களாகிய எங்களுக்கு எலுமிச்சைச் சாறுதான்.

ஓரிடத்தில் சுவர் சரிந்து, திராட்சைக் கொடி இருந்த இடத்தில் முட்புதர் மண்டியிருந்தது. காரணம் கேட்டோம். “வெளியூர் வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இருப்பவர்களும் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். அதில் வருமானம் அதிகம், முதுகும் வலிக்காது” என்றார் வழிகாட்டி. சுவரின் இடுக்குகள் வழியே மழைநீர் மெல்ல வடிய வேண்டும். பராமரிப்பு இல்லையேல் நீர் தேங்கும். சுவர் வயிறு தள்ளிச் சரியும். மண்ணும் உடன் இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதையுண்டன, உயிர்களும் பலியாயின.

சற்றுத் தொலைவில் வழிகாட்டியின் தந்தை ஒரு சுவரைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் அரைமணி நேரம் கல் எடுத்துக் கொடுத்தோம். பெரிய கற்களையே தேடித் தேடிக் கொடுத்தோம். பெரியவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். “சின்னக் கற்களும் கொடுங்கள். அவற்றைச் சுவரின் பின்னால் நிரப்பினால்தான் தண்ணீர் வடியும் என்கிறார்” என்று அத்தை மொழிபெயர்த்தார்.

“சுற்றுலாப் பணியா, தோட்டமா, எது உங்கள் தொழில்?” என்று வழிகாட்டியை அம்மா கேட்டார். “அது சம்பளம், இது வீடு. விடுமுறை நாளெல்லாம் நானும் கல் அடுக்குவேன்” என்றார் அவர்.

ஐந்து ஊர்களையும் படம் பிடித்துச் செல்வோர் இலட்சக்கணக்கானோர். அந்தப் படத்தில் தெரியும் மலையைத் தாங்கி நிற்பவர்களோ சிலர். அன்புத் தோழியரே, அழகான இடத்தைக் காணும்போது அதை யார் தாங்குகிறார்கள் என்றும் கேட்போம். முடிந்தால் ஒரு சிறு கல்லாவது எடுத்துக் கொடுப்போம்!